அடுப்பு அணைந்தது, சாம்பலை அள்ளுவது யார்?

முள்ளுக்குறிச்சியிலே கூட்டம் முடிய இரவு பத்தரை மணியாகிவிட்டது. பின்னாலே கொல்லிமலை கரிய கோட்டைபோல் எழுந்து நிற்கிறது. அடிவாரத்திலே, கடைத்தெரு முனையிலே, தோழர்கள் கட்டியிருந்த குழல் விளக்குகள் பகலைப் பழிக்கும்படி எரிந்துகொண்டிருந்தன. ஒலிபெருக்கியைக் கழற்றும் வரையில் சற்று இளைப்பாறலாம் என்று தேநீர்க் கடை பெஞ்சிலே உட்கார்ந்தேன். பக்கத்திலே ஒரு பெரியவர். தோளிலே துண்டு, காய்த்துப்போன கைகள், கூட்டம் முழுவதையும் நின்றுகொண்டே கேட்ட களைப்பு முகத்திலே.

"தம்பி, பேச்செல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணு கேக்கோணும். எண்ணூர்ல கரண்டு எடுக்கற ஆலைய மூடிப்போட்டாங்களாமே? மூடினா, அதோட முடிஞ்சுதுங்களா?"

"மூடினால் முடிந்தது என்றுதானே பொருள், ஐயா?" என்றேன், சற்று அசட்டையாகவே.

பெரியவர் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி மலையைக் காட்டினார். "வயசுல அங்க மேல பாக்சைட்டு வெட்டி லாரியில ஏத்தினவன் நானு. எல்லாம் மேட்டூருக்குப் போச்சு. கம்பெனிக்காரன் நிறுத்திப்போட்டுப் போயிட்டான். குழி மட்டும் போகலீங்க. அங்கியேதான் கெடக்குது. அதான் கேட்டேன்."

மேடையிலே ஒன்றேகால் மணி நேரம் பேசியவனுக்கு அந்த இடத்தில் நாவெழவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வண்டி ஏறினேன். ஆனால் அந்தக் கேள்வி வண்டியை விட்டு இறங்க மறுத்தது. இன்று இந்தப் பகுதியை அதற்காகவே ஒதுக்குகிறேன்.

தோழர்களே! எண்ணூர் அனல் மின் நிலையம் என்பது யாது? வட சென்னையிலே, கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்துக்குத் தென்புறம் நின்ற நிலையம் அது. முதல் எந்திரம் 1970 மார்ச்சில் ஓடத் தொடங்கிற்று. ஐந்தாவது எந்திரம் 1975-இல் வந்து சேர்ந்தது. 60 மெகாவாட் எந்திரங்கள் இரண்டு, 110 மெகாவாட் எந்திரங்கள் மூன்று. ஆக மொத்தம் 450 மெகாவாட். அந்த நாளிலே அது சின்னத் தொகையா? பைக்காராவும் மேட்டூரும் பாபநாசமும் மழையை நம்பி மின்சாரம் கொடுத்த நாட்டிலே, வானம் பொய்த்தாலும் விளக்கு எரியும் என்ற தெம்பைக் கொடுத்த நிலையம் அது. முதல் எந்திரம் சுழன்றபோது கோட்டையிலே கழக ஆட்சி. நான் அப்போது பிறக்கவில்லை. என் தந்தையார் நிச்சயம் கைதட்டியிருப்பார். தட்டியதிலே தவறுமில்லை. இந்தச் சேலம், இராசிபுரம் சீமையிலே கிணற்றுமேட்டில் மாடு கட்டிக் கவலை இறைத்த உழவனுக்கு மோட்டார் வந்தது. கவலையும் போயிற்று, கவலையும் போயிற்று என்று ஊரிலே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

கொல்லிமலை அடிவாரத்து விளக்குக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். மின்சாரம் எல்லாம் ஒரே கம்பிவலையிலே கலந்து வருவது. குழல் விளக்கின் நெற்றியிலே "இது எண்ணூர்", "இது நெய்வேலி", "இது மேட்டூர்" என்று எழுதியிருப்பதில்லை. முள்ளுக்குறிச்சியில் எரிந்த விளக்கிலே எண்ணூர்க் குப்பத்துக்காரன் வயிற்றெரிச்சலும் ஒரு திரியாக இருந்திருக்கிறது என்பதுதான் உண்மை.

அந்த வயிற்றெரிச்சல் எங்கிருந்து வந்தது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துக் கணக்கு போதும். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க அந்தக் காலத்து நிலையத்தில் ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரியவேண்டும். 450 மெகாவாட்டும் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு கோடியே எட்டு இலட்சம் யூனிட். அதற்கு 7,500 டன் நிலக்கரி. நம் நாட்டு நிலக்கரியிலே நூற்றுக்கு 35, 40 பங்கு சாம்பல். ஆகவே முழு மூச்சில் ஓடுகிற ஒரு நாளில் இரண்டாயிரத்து ஐந்நூறு டன்னுக்கு மேல் சாம்பல்! எந்திரங்கள் முழு மூச்சில் ஓடாத நாள்கள் ஏராளம்; பிற்காலத்தில் பாதிக்குப் பாதி படுத்தே கிடந்தன. கணக்கைப் பாதியாக்குங்கள், அதிலும் பாதியாக்குங்கள். அப்போதும் நாளொன்றுக்கு அறுநூறு டன் வருகிறது. லாரியிலே ஏற்றினால் அறுபது லாரி. 1970 முதல் 2017 வரை, 47 ஆண்டுகள்.

வீட்டு அடுப்பின் சாம்பலை அம்மா அள்ளிப் பாத்திரம் துலக்குவாள், மிச்சத்தை எருக்குழியில் போடுவாள். அந்தச் சாம்பல் வேறு, இந்தச் சாம்பல் வேறு. நிலக்கரி பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பொருள். ஆர்சனிக், ஈயம், குரோமியம், காட்மியம், பாதரசம் எல்லாம் அதில் துளித்துளியாக ஒளிந்திருக்கும். எரிகிறபோது கரி போய்விடும். இவற்றில் பெரும்பங்கு சாம்பலோடு தங்கிச் செறிந்துவிடும், பாதரசத்தின் பெரும்பகுதி புகையோடு வானத்தில் ஏறும். மிச்சமிருப்பது மாவினும் நுண்ணிய துகள். உலர்ந்தால் காற்றிலே பறந்து மூச்சுக்குள் போகும். நனைந்தால் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கும்.

இவ்வளவு சாம்பலை எப்படி வெளியேற்றுவது? தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய் வழியே குளத்துக்கு அனுப்புவது வழக்கம். குழாய் ஓட்டையானால் ஆற்றில் விழும். குளத்தின் கரை கசிந்தால் நிலத்தில் பாயும். கழிமுகத்தின் வடகரையிலே 1990-களில் எழுந்த வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பற்குழாய்கள் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து செல்பவை. அவை எத்தனை முறை உடைந்து ஆற்றிலே சாம்பலைக் கக்கின என்பதை வட சென்னைத் தோழர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. செப்பாக்கம் என்னும் சிற்றூர் அந்தச் சாம்பற்குளத்தின் ஓரத்திலே, காற்றடித்தால் கண்ணைத் திறக்க முடியாமல் வாழ்ந்தது. கரையிலே வல்லூர் நிலையம் வேறு. பழைய எண்ணூர் நிலையத்தின் பாவம் எது, புதியவற்றின் பாவம் எது என்று ஆற்றின் அடிச்சேற்றைப் பிரித்தெடுக்க யாரால் முடியும்? சேறு எல்லாவற்றையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம். இவை கழிமுகத்தை நம்பிய ஊர்கள். அலையாத்திச் செடியும் சேறும் உவர்நீரும் கலந்த இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும், நண்டு வளை தோண்டும், மடவை மேயும். இருளர் குடும்பத்துப் பெண்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, கையாலே துழாவி இறால் பிடித்துப் பறியிலே போடுகிற காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். வலையில்லை, படகில்லை, விரல்தான் முதல். அந்த விரல் இன்று எதைத் தொடுகிறது? சேற்றின்மேல் சாம்பல் படிந்து, ஈரத்திலே இறுகி, சிமெண்டுத் தரைபோல் ஆகிவிட்டால் நண்டு எங்கே வளை தோண்டும்? ஆழம் குறைந்தால் கடல்நீர் எப்படி உள்ளே வந்து போகும்? வெள்ளக் காலத்திலே ஆற்றுநீர் எங்கே போய் நிற்கும்? ஊருக்குள்ளேதான் நிற்கும்.

2017 மார்ச் 31-ஆம் நாள் எண்ணூர் நிலையம் மூடப்பட்டது. எந்திரங்கள் கழற்றப்பட்டன, இரும்பு ஏலம் போயிற்று, கட்டடங்கள் இடிபட்டன. "பழைய நிலையம்" என்ற பெயர் மட்டும் மிஞ்சிற்று. இங்கேதான் பெரியவரின் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. இரும்புக்கு விலை உண்டு. ஆகவே அதை எடுத்துப்போக ஆள் உண்டு. நஞ்சுக்கு விலை இல்லை. ஆகவே அதை எடுத்துப்போக ஆள் இல்லை!

அனல் மின் நிலையம் இருந்த இடத்திலே சாம்பல் ஒன்றுதானா மிச்சம்? 1960-களிலும் 70-களிலும் எழுந்த நிலையங்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பதை அதில் உழைத்த தோழர்களைக் கேட்டால் தெரியும். நீராவிக் குழாய்களின்மேல் சூடு காக்க வெள்ளையாகச் சுற்றியிருப்பார்களே, அக்காலத்தில் அதிலே பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்திருக்கும். சுற்றியிருக்கும் வரை சும்மா இருக்கும். பிய்த்தால், வெட்டினால், உடைத்தால், கண்ணுக்குத் தெரியாத நாராகப் பறக்கும். நெஞ்சுக்குள் போன நார் வெளியே வருவதில்லை. இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்து நுரையீரலைச் சுற்றிய சவ்விலே புற்றுநோயாக எழுந்து நிற்கும். அப்போது அந்தத் தொழிலாளி எந்த ஒப்பந்தக்காரரிடம் எந்த மாதம் வேலை செய்தான் என்பதற்குச் சீட்டு ஏது, சாட்சி ஏது?

பழைய மின்மாற்றிகளின் எண்ணெய் இன்னொன்று. அந்தத் தலைமுறை எண்ணெய்களில் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் என்னும் பொருள் கலந்திருப்பதுண்டு. பெயர் நாக்கைச் சுளுக்குகிறது. பொருளோ மண்ணிலே பல்லாண்டுகள் அழியாமல் கிடக்கும், மீனின் கொழுப்பிலே ஏறும், மீனைத் தின்றவன் கொழுப்பிலும் ஏறும். அதன் உற்பத்தியையும் இறக்குமதியையும் 2016-இல் இந்திய அரசு தடை செய்தது. 2025 டிசம்பர் 31-க்குள் பயன்பாடே ஒழியவேண்டும் என்றும் கெடு வைத்தது. நிலக்கரி கொட்டிவைத்த களத்து மண் மூன்றாவது. மழை பெய்யப் பெய்யக் கரியின் கந்தகம் அமிலமாகி மண்ணிலே ஊறுகிறது. இன்னும் எரிஎண்ணெய்த் தொட்டிகள், கொதிகலனுக்குப் போட்ட மருந்துகள், குளிர்நீர்க் கால்வாயின் வண்டல்... போதும்.

இதையெல்லாம் கவனிக்க விதி இல்லையா? இருக்கிறது. ஆனால் விதியின் பிறந்த தேதியைப் பாருங்கள். மூடுகிற நிலையத்தை எப்படிக் கழற்றவேண்டும், கல்நாரை யார் எந்த உடையோடு எடுக்கவேண்டும், மண்ணையும் நிலத்தடி நீரையும் எப்படிச் சோதிக்கவேண்டும், சாம்பற்குளத்தை எப்படி மூடவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது 2021-இல். அதுவும் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவை வழக்காகத் தட்டிய பிறகு. எண்ணூர் மூடியது 2017. பிணத்தை அடக்கம் செய்துவிட்டார்கள், நான்காண்டு கழித்து மருத்துவர் வந்து நாடி பார்க்கும் முறையைப் புத்தகமாக அச்சிட்டுக் கொடுக்கிறார்!

இன்னொரு விதியிலே ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அபாயகரமான கழிவுகளுக்கென்று மத்திய அரசு 2008-இல் விதி செய்தது, 2016-இல் புதுப்பித்தது. இரண்டிலும் ஒரு குறிப்பு. சில கழிவுகள் "அளவிலே மிகுதி, பாதிப்பிலே குறைவு". ஆகையால் அவை அபாயகரமான கழிவு என்ற வகையில் சேரா. அந்தச் சில கழிவுகள் எவை தெரியுமா? முதலிலே நிற்பது அனல் நிலையத்துச் சாம்பல். பக்கத்திலேயே நிற்பது அலுமினியத்துக்காகப் பாக்சைட்டை அரைத்தபின் மிஞ்சும் செஞ்சேறு.

ஆகா! என்ன பொருத்தம்! எண்ணூர்க் குப்பத்துக்காரனையும் கொல்லிமலை அடிவாரத்துப் பெரியவரையும் டில்லியிலே ஒரே வரியில் உட்காரவைத்திருக்கிறார்கள். கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போயிற்று. அங்கே 1965 முதல் ஓடிய அலுமினிய ஆலை 2008-இல் உற்பத்தியை நிறுத்திற்று. மலையிலே குழி, மேட்டூரிலே செஞ்சேறு. இரண்டுக்கும் நடுவிலே ஓடிய லாரிக்குத்தான் கூலி.

பாதிப்பிலே குறைவாம்! யாருக்குக் குறைவு? சட்டத்தை எழுதியவருக்குக் குறைவு. அவர் வீட்டுச் சன்னலைத் திறந்தால் சாம்பல் வராது.

2025 ஜூலையிலே மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. நம் தோழர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. ஓர் இடத்தின் மண் கெட்டிருக்கும் என்று ஐயம் எழுந்தால் மாவட்ட நிர்வாகம் அதைப் பட்டியலிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். மாநில வாரியம் அதைச் சோதிக்கவேண்டும். கெடுத்தவன் செலவிலே மீட்கவேண்டும். கெடுத்தவனைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அல்லது அவன் கையை விரித்துவிட்டால், மத்திய மாநில அரசுகள் செலவை ஏற்கவேண்டும். நல்ல விதிதான், பாராட்டத் தயங்கமாட்டேன். ஆனால் மீட்புப் பணி இந்தத் தேதிக்குள் முடியவேண்டும் என்று கெடு மட்டும் வைக்கவில்லை. கெடு இல்லாத கடனை எந்தக் கடன்காரன் திருப்பித் தந்தான்? விதிகள் வெளியான நேரத்தில் நாடு முழுவதும் அடையாளம் கண்ட மாசுபட்ட இடங்கள் 103. மீட்பு வேலை தொடங்கியிருந்தது வெறும் 7 இடங்களில்! சாம்பல்தான் அபாயகரம் அல்லவே என்று பழைய குறிப்பைத் தூக்கிக் காட்டி நழுவப் பார்ப்பவர்களும் வருவார்கள். அந்தக் குறிப்பை அடிக்கும் வரை இந்த விதிக்கு ஒரு கால் நொண்டிதான்.

இந்த இடத்திலே கைதட்டு வாங்குவது எளிது. "பார்த்தீர்களா டில்லியின் வஞ்சகத்தை! பதர்பூர் அனல் மின் நிலையத்தை 2018-இல் மூடினார்கள். அங்கே 884 ஏக்கர் சாம்பற்பரப்பைப் பசுமைப் பூங்காவாக்கத் திட்டம் போட்டார்கள். டில்லிவாசிக்குப் பூங்கா, எண்ணூர்க்காரனுக்குப் புழுதியா?" என்று முழங்கினால் மேடை அதிரும். கேட்கவேண்டிய கேள்விதான் அது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் எண்ணூர் நிலையத்தை நடத்தியது டில்லியல்ல. நம் மின்வாரியம்! 1957-இல் பிறந்த தமிழ்நாட்டின் மின்வாரியம். அதன் சம்பளத்தில் நம் தோழர்களின் வீடுகள் வாழ்ந்தன. அதன் தொழிற்சங்கத்தில் நம் கொடி பறந்தது. கோட்டையில் மாறி மாறி வந்த எல்லா ஆட்சிகளின் காலத்திலும் அந்தக் குழாய் ஒழுகிற்று. நாம் வீட்டுக்குள் குப்பையை வைத்துக்கொண்டு அண்டை வீட்டு வாசலைச் சுட்டினால், சுட்டுகிற விரலே நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

வாரியம் என்றேன். அது இன்று இல்லை! 2010-இல் பெயர் மாறிக் கழகமாயிற்று. 2024-இல் அந்தக் கழகமும் பிரிக்கப்பட்டு, மின் உற்பத்திக்கு ஒரு நிறுவனம், விநியோகத்துக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று என்று மூன்றாயிற்று. பாகப்பிரிவினை நடந்த வீட்டிலே நிலத்துக்கு வாரிசு உண்டு, நகைக்கு வாரிசு உண்டு. அப்பன் வாங்கிய கடனுக்கு மட்டும் அண்ணன் தம்பியைக் காட்டுவான், தம்பி அண்ணனைக் காட்டுவான். சாம்பல் அப்படிப்பட்ட கடன். மூன்றில் எதன் பேரேட்டிலே அது எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பகிரங்கமாகச் சொல்லவேண்டும்.

பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் ஆணையிட்டது. வட சென்னை நிலையத்தின் சாம்பலால் கெட்ட ஆற்றையும் ஈரநிலத்தையும் மின்கழகமே மீட்டுத் தரவேண்டும் என்று. வழக்குத் தொடுத்தது பெரிய வழக்கறிஞர் மன்றமோ, பட்டம் பெற்ற அறிஞர் குழுவோ அல்ல, மீன்பிடிக்கும் தொழிலாளி. அந்த ஆணையின் அடிப்படை பழைய எண்ணூர் நிலையத்தின் மண்ணுக்கும் பொருந்தாதா? கெடுத்தவன் துடைக்கவேண்டும் என்பது ஆற்றின் வடகரைக்கு நீதியென்றால் தென்கரைக்கும் அதுவே நீதி.

இதற்கிடையே பழைய நிலையத்தை ஒட்டியே 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டம் ஒன்று இருக்கிறது. தொடங்கிய வேலை நடுவிலே நின்றது. மீண்டும் தொடங்க முயற்சி நடந்தது. 2024 டிசம்பரில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வைத்தார்கள். குப்பத்து மக்கள் எழுந்து எதிர்த்தார்கள். "நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா?" என்று அவர்களைக் கேட்பது சுலபம். வேண்டும் ஐயா, வேண்டும்! விசைத்தறி ஓட வேண்டும், சேகோ ஆலை ஓட வேண்டும், முள்ளுக்குறிச்சியில் பிள்ளை படிக்க விளக்கு எரிய வேண்டும். ஆனால் 47 ஆண்டுச் சாம்பலின் கணக்கு முடியாத இலையிலேயே அடுத்த பந்தி பரிமாறுவது எந்த ஊர் விருந்து?

தொழிலாளத் தோழர்களிடம் ஒரு பேச்சு உலவுகிறது. சுற்றுச்சூழல் என்று பேசினால் வேலை போகும், அது படித்த மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு என்று. இதை நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிங்ஸ்டன் என்ற ஊரிலே அரசு நிறுவனத்தின் அனல் மின் நிலையம். 2008 டிசம்பர் 22-ஆம் நாள் பின்னிரவில் சாம்பற்குளத்தின் கரை உடைந்தது. 400 கோடி லிட்டருக்குக் குறையாத சாம்பற்குழம்பு ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. அன்று உயிர்ச்சேதமில்லை. அப்புறம் வந்ததுதான் கொடுமை. சாம்பலை வாரத் தொழிலாளர்கள் பல நூறு பேர் கொண்டுவரப்பட்டார்கள். முறையான முகக்கவசம் தரப்படவில்லை என்றும், இருமலும் மூச்சுத்திணறலும் புற்றுநோயும் வந்தன என்றும் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பாதுகாப்புத் தருவதில் ஒப்பந்த நிறுவனம் தவறியது என்று 2018-இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2023-இல்தான் சமரசத் தொகை. பதினைந்து ஆண்டுகள்! அமெரிக்கத் தொழிலாளிக்கே அந்தப் பாடு. மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலியிலே சாசன் நிலையத்தின் சாம்பற்கரை 2020 ஏப்ரலில் உடைந்து 6 பேர் மாண்டார்கள். அவர்கள் சுற்றுச்சூழல் கூட்டத்துக்குப் போனவர்களா? பக்கத்திலே குடியிருந்தவர்கள்.

சாம்பலை வாருவதும் வேலைதான் தோழர்களே! மண்ணைச் சோதிப்பது வேலை, கல்நாரை மூட்டை கட்டுவது வேலை, கழிமுகத்தைத் தூர்வாருவது வேலை, அலையாத்தி நடுவது வேலை. பல நூறு கைகளுக்குப் பல ஆண்டுக்குக் கூலி தரக்கூடிய வேலை. அதைத் தகுந்த உடையோடும், முகமூடியோடும், ஆண்டுதோறும் மார்புப் படத்தோடும், வேலைச் சீட்டோடும் நம் சங்கத்தார் செய்யப்போகிறார்களா, அல்லது ஒப்பந்தக்காரர் எங்கிருந்தோ கூட்டிவந்த ஏழைப் பையன் வாயிலே கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு செய்யப்போகிறானா என்பதுதான் தொழிற்சங்கம் கேட்கவேண்டிய கேள்வி.

இது எண்ணூரோடு நிற்கிற காரியமும் அல்ல. சோவியத் நாட்டின் துணையோடு 1962-இல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல் நிலையம், 600 மெகாவாட், 2020 செப்டம்பரோடு நின்றது. தூத்துக்குடியின் எந்திரங்கள் 1979 முதல் 1992 வரை வந்தவை. மேட்டூர்? அங்கே 210 மெகாவாட் எந்திரங்கள் நான்கும் 1987-க்கும் 1990-க்கும் இடையில் வந்தவை. நாற்பது வயதை நெருங்குகின்றன. இன்றில்லாவிட்டால் நாளை அவற்றுக்கும் ஓய்வு வரும். அந்தச் சாம்பல் காவிரிக்குப் பக்கத்திலே கிடக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் குடங்கள் நிறைவது அந்தக் காவிரியால். எண்ணூரிலே என்ன வழக்கத்தை ஏற்படுத்துகிறோமோ அதுதான் நாளை மேட்டூருக்குச் சட்டம். எண்ணூரிலே இரும்பை விற்றுவிட்டு மண்ணை அப்படியே விட்டுப்போனால், மேட்டூரிலும் அப்படியே விட்டுப்போவார்கள். முள்ளுக்குறிச்சித் தோழர்கள் இதை வட சென்னையின் விவகாரம் என்று ஒதுக்கமுடியாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இப்போது கொல்லிமலையிலும் 20 மெகாவாட் நீர்மின் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரிலிருந்து வருவது, சாம்பல் இல்லை, புகை இல்லை, மகிழ்ச்சி. ஓடையை மறித்தால் கீழே யாருக்குத் தண்ணீர் குறையும் என்பதை இன்றே கேட்டுவைப்பது நல்லது. கேள்வி முளைக்கும் காலம் அடிக்கல் நாட்டும் காலம். மூடுவிழாவன்று கேட்டால் காது கொடுக்க ஆளிருக்காது.

வட சென்னைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய நிலையத்தின் நிலத்திலும் அதன் சாம்பல் கிடக்கும் இடங்களிலும் மண்ணையும் கிணற்று நீரையும் கழிமுகச் சேற்றையும் சோதித்து, முடிவைத் தமிழிலே அச்சிட்டு, ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்டவேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். 2025 விதிகளின்படி ஐயத்துக்குரிய இடமாக அதைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். மனுவிலே கையெழுத்துப் போடுபவர்களில் நிலையத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் முன்வரிசையில் இருக்கட்டும். எந்தக் குழாயில் எது சுற்றியிருந்தது, எந்த மூலையில் எந்த எண்ணெய் கொட்டியது, எந்தப் பள்ளத்தை எதைப் போட்டு மூடினார்கள் என்பது எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லாத சங்கதி. அது அவர்கள் நினைவிலே இருக்கிறது. அவர்களில் மூத்தவர்களுக்கு எண்பது வயது ஆகிறது. இந்த மாதமே அவர்கள் வீட்டுக்குப் போய், பக்கத்திலே உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.

முள்ளுக்குறிச்சிப் பெரியவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டிருக்கிறேன். "மூடினால் முடியவில்லை, ஐயா. நீங்கள் கேட்டதுதான் சரி. மலைமேல் எந்தெந்த இடத்தில் குழி இருக்கிறது, எந்த ஆண்டு வெட்டியது என்று உங்களுக்கு நினைவிருப்பதைப் பேரனிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இதே பகுதியில் வெளியிடுகிறேன்.